கொய்யாவா, மாத்திரையா? வைட்டமின் சி பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் வாசகர்களின் கேள்விகளுக்கு, மருத்துவமனை ஒன்றில் உணவியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

சாட்ஸ்வர்த் வாசகி: பழத்தில் இருக்கும் வைட்டமின் சி உயிர்ச்சத்து, மாத்திரையில் இருப்பது வெறும் இரசாயனம் என்று என் நாத்தனார் சொல்கிறார். உண்மையா அம்மா?

பதில்: இரண்டிலும் இருப்பது அஸ்கார்பிக் அமிலம் என்னும் ஒரே பொருள்தான். 1930களில் வேதியியலாளர் ரைக்ஸ்டைன் வகுத்த வழியைப் பின்பற்றி, குளுக்கோஸிலிருந்து அதை ஆலைகளில் தயாரிக்கிறார்கள். மனிதர்களிடம் நடத்திய ஒப்பீடுகளில், பழத்தின் வழியாக வந்ததும் மாத்திரையின் வழியாக வந்ததும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இரத்தத்தில் சேர்ந்தன. ஆகவே உங்கள் நாத்தனார் கூறும் காரணம் தவறு. ஆனால் பழத்தை வாங்குங்கள் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த முடிவு சரி. அமெரிக்கப் பரிந்துரையின்படி நாளொன்றுக்கு ஆணுக்கு 90 மில்லிகிராமும் பெண்ணுக்கு 75 மில்லிகிராமும் போதும். புகைப்பவர்களுக்கு மேலும் 35 தேவை. 55 கிராம் எடையுள்ள சிறிய கொய்யா ஒன்றிலேயே சுமார் 125 மில்லிகிராம் இருக்கிறது, நார்ச்சத்தும் உடன் கிடைக்கிறது. ஒரே வேளையில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் உடல் அதில் பாதியைக் கூட உறிஞ்சுவதில்லை. நீங்கள் கொடுத்த ராண்டில் பாதி கழிப்பறைக்குப் போகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீரில் போட்டதும் பொங்கும் மாத்திரைகளில் சோடியம் கணிசமாக இருக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

டோங்காட் வாசகர்: வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. கீரை தினமும் சமைக்கிறோம். அது போதாதா?

பதில்: பச்சைக் கீரையில் இந்தச் சத்து நிறையவே உண்டு. ஆனால் அது வெப்பத்தில் அழியும், நீரில் கரையும். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறவர்கள் சத்தையும் சேர்த்தே கொட்டுகிறார்கள். நிழலில் உலர்த்திப் பொடித்து விற்கும் முருங்கைப் பொடியை வைட்டமின் சி-க்காக வாங்குவதில் பொருளில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும் என்பது நம் பாட்டிமார் வழக்கம். கசந்துவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் செய்தது, சத்தையும் காத்தது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் ஏற்பதற்கும் அந்தப் புளிப்பு உதவியது.

ஃபீனிக்ஸ் வாசகி: குளிர்காலத்தில் பிள்ளைகள் நார்ச்சி என்னும் சிறு ஆரஞ்சைத் தின்றால் சளி பிடிக்காதா?

பதில்: பிடிக்காது, சளியைத் தருவது வைரஸ், பழமன்று. இந்நாட்டார் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நார்ச்சி என்று சொல்வது நம் நாரத்தை என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சத்தைக் கணக்கிட்டால், அதே எடையுள்ள கொய்யாவில் அதைப் போல் எட்டு மடங்கு இருக்கிறது.

வெருலம் ஓட்டக்காரர்: ஏழு முறை காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மாத்திரை எடுத்தேன்; சளி அண்டவில்லை. பழம் போதும் என்று நீங்கள் சொல்வதை ஏற்க இயலவில்லை.

பதில்: உங்களைப் போன்றவர்களையே ஆராய்ந்த ஆய்வு நம் நாட்டிலிருந்தே வந்தது, 1993இல் வெளியாயிற்று. காம்ரேட்ஸுக்கு முன் நாள்தோறும் 600 மில்லிகிராம் எடுத்த ஓட்டக்காரர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கும், ஓட்டத்திற்குப் பிந்தைய இரு வாரங்களில் சளித் தொல்லை வந்தது.

அதே ஓட்டக்காரர்: அப்படியானால் நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

சாட்ஸ்வர்த் வாசகி (மீண்டும்): ஓடுகிறவர்களுக்கு உதவுவது எங்களுக்கு மட்டும் ஏன் உதவாது?

பதில்: டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் உடலின் நிலை வேறு, பேருந்து நிறுத்தம் வரை நடக்கும் உடலின் நிலை வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழுவினர் பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, மாரத்தான் ஓட்டக்காரர், பனிச்சறுக்கு வீரர் போன்ற கடும் உழைப்பாளர்களிடம் மட்டுமே சளி வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றவர்களுக்குத் தினமும் எடுத்தாலும் சளி வருவது குறையவில்லை; வந்த சளியின் நாட்கள் பெரியவர்களுக்குச் சுமார் 8 விழுக்காடு குறைந்தன, அவ்வளவே. சளி வந்த பிறகு விழுங்கத் தொடங்கினால் உறுதியான பயன் எதுவும் தெரியவில்லை. ஓட்டக்கார ஐயா, 600 மில்லிகிராம் என்பது நாளுக்கு இரண்டு பெரிய கொய்யாவும் ஒரு கிண்ணம் பப்பாளியும் ஏறக்குறைய எட்டிவிடக்கூடிய அளவு. ஆகவே ஆய்வு உங்கள் பக்கம் இருந்தாலும் கடை உங்களுக்குத் தேவையில்லை.

அதே ஓட்டக்காரர்: ஓட்டத்தன்று காலையில் கொய்யா தின்றால் வயிறு என்னாகும் என்று ஓடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

பதில்: அதில் நான் தோற்றேன். ஓட்டத்தன்று வேண்டாம், அதற்கு முந்தைய வாரங்களில் உண்ணுங்கள்.

ஐசிபிங்கோ வாசகர்: 500 நல்லதா, 1,000 நல்லதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

மற்றொருவர்: பொங்கும் மாத்திரையில் எந்தச் சுவை உடலுக்கு நல்லது?

பதில்: சோடியத்தைப் பற்றி மேலே எழுதியது உங்களுக்காகத்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: எனக்கு முன்பு சிறுநீரகக் கல் இருந்தது. எடுக்கலாமா?

பதில்: அதிக அளவு மாத்திரை வேண்டாம், சுவீடனில் ஆண்களை நெடுங்காலம் கண்காணித்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் கல் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டது. மற்றவற்றை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டாங்கர் வாசகி: 84 வயதாகும் என் அம்மா தனியாக இருக்கிறார். பல் இல்லாததால் பல மாதங்களாகத் தேநீரும் ரொட்டியும்தான் உணவு. ஈறில் இரத்தம் கசிகிறது, கால்களில் ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன. கொய்யாச் சாறு கொடுக்கட்டுமா?

பதில்: அம்மா, இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். வைட்டமின் சி குறைவால் உண்டாகி, பழைய கப்பல்களில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இன்றும் இப்படித்தான் வருகிறது. தனித்து வாழும் முதியோரிடம் நான் கண்டிருக்கிறேன். வேறு இரத்த நோயாகவும் இருக்கலாம் என்பதால் நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என்ன உண்கிறார் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள், ஏனெனில் அவர்கள் கேட்காமலே விட்டுவிடுவதுண்டு. சாறு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஸ்கர்விதான் என்று உறுதியானால் மருத்துவர் மாத்திரை தருவார். அதைத் தயங்காமல் கொடுங்கள், பொங்கும் வகையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.