மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் நிறுத்து: பெரிய எஸ்யூவி கேள்வி-பதில்

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வாங்கியவர்களிடமிருந்தும் வாங்கப்போகிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. கம்பெனி, மாடல் பெயர்களை எடுத்துவிட்டேன். கேட்டிருக்கும் சிக்கல்கள் இந்த அளவுள்ள வண்டிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

கேள்வி: டீசல் எஸ்யூவி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. குழந்தைகளின் பள்ளி, என் ஆபீஸ், கடை எல்லாமே 5 கிலோமீட்டருக்குள். "டிபிஎஃப் நிரம்புகிறது, தொடர்ந்து ஓட்டவும்" என்று மஞ்சளில் ஒரு செய்தி வந்தது. சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிச் சரிசெய்து பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒரே மாதத்தில் திரும்பவும் அதே செய்தி. வண்டியில் குறையா? (கோவை வாசகர்)

பெரும்பாலும் குறை இல்லை. வண்டிக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் ஒத்துவரவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதி நடைமுறையில் இருக்கிறது. அந்த விதிக்கேற்ப வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். 5 கிலோமீட்டரில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எரிக்கத் தொடங்கும்போதே நீங்கள் பள்ளி வாசலில் என்ஜினை அணைத்துவிடுவீர்கள். பாதி எரிந்த கரியோடு மறுநாள் மறுபடியும் அதே கதை.

செய்தி மஞ்சளாக இருக்கும்போதே அவினாசி தாண்டிச் சேலம் நெடுஞ்சாலையில் போய்விடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், நிதானமாக, வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாக வைத்து 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும். உங்கள் வண்டிக்கான வேகமும் நேரமும் கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். எரிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு: நிற்கும்போது என்ஜின் சுழற்சி சற்றுக் கூடியிருக்கும், சூடான வாடை வரும், அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். அப்படித் தெரிந்தால் உடனே அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

மஞ்சளைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்து என்ஜின் விளக்கும் சேர்ந்து எரியும், வண்டி இழுவை குறைந்து ஊரும். அந்தக் கட்டத்தில் நெடுஞ்சாலை வைத்தியம் வேண்டாம், நேராக சர்வீஸ்தான்.

இதில் பலர் பார்க்காமல் விடும் இடம் என்ஜின் ஆயில். எரிப்பு பாதியில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் டீசல் ஆயிலில் கலக்கும். மாதம் ஒருமுறை ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால், அது டீசல் கலந்து நீர்த்த ஆயில். கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் குறைந்த சாம்பல் ரக ஆயிலையே கேளுங்கள். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று வெளி மெக்கானிக் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரன்டி போகும், புகை விதியை மீறிய வண்டியாகிவிடும், அந்தக் கரியை உங்கள் பிள்ளைகளின் பள்ளி வாசலில் நிற்கிறவர்கள்தான் சுவாசிப்பார்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலை ஏறாத குடும்பம் டீசல் வாங்க வேண்டாம். பெட்ரோல் அல்லது ஹைபிரிட் வாங்குங்கள். "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்று ஷோரூமில் முதலில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லி, டீசல் ஒத்துவருமா என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: "800 கி.மீ.க்குப் பின் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது" என்று மீட்டரில் வருகிறது. ஆட்ப்ளூ தீர்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடுமா? (திருநெல்வேலி வாசகர்)

ஓடும்போது நிற்காது. எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகு என்ஜினை அணைத்தால், மறுபடி எடுக்காது. ஆட்ப்ளூ என்பது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் திரவம். தீர்ந்த பிறகும் வண்டி ஓடினால் விதி மீறல் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 800 என்பது நல்ல அவகாசம். ஆனால் திருநெல்வேலியிலிருந்து சென்னை போய்த் திரும்பினாலே அது தாண்டிவிடும். புறப்படும் முன்பே ஊற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கூடவே கூடாது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீதம் யூரியாவும் மீதி தாது நீக்கிய சுத்த நீரும் கலந்தது. குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் அதைப் பீய்ச்சும் நுண்துளையை அடைத்துவிடும். வயலுக்குப் போடும் யூரியாவை வீட்டில் கரைத்து ஊற்றுவதும் இதே கேடுதான். அதைச் சரிசெய்யும் செலவில் பல வருடத்துக்கு நல்ல ஆட்ப்ளூ வாங்கலாம்.

வாங்கும்போது கேனில் ஐஎஸ்ஓ 22241 என்ற தரக்குறியையும் தயாரித்த தேதியையும் பாருங்கள். வெயிலில் இது சீக்கிரம் கெடும். 30 டிகிரிக்குள் வைத்தால் ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், 35 டிகிரியில் அதில் பாதிதான். பங்க் வாசலில் வெயில் காயும் கேனையும், போன வருடம் மொட்டை மாடி அறையில் வைத்த மிச்சத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் மட்டும் ஊற்றினால் பல வண்டிகளில் சென்சார் உணராது. கையேட்டில் குறைந்தபட்ச அளவு போட்டிருக்கும், அதற்குக் குறையாமல் ஊற்றுங்கள். ஊற்றிய உடனே செய்தி போகவில்லையென்றால் பயப்பட வேண்டாம், சில கிலோமீட்டர் ஓடிய பின் போகும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஆட்ப்ளூ மூடி நீலம். பங்க் ஊழியர் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, இழுத்துப் போகும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்யாத வரை டேங்கைக் கழற்றிக் கழுவுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் செலவுக் கணக்கில் சேரும்.

கேள்வி: காலையில் டயர் காற்று விளக்கு எரிகிறது, மதியம் தானாக அணைகிறது. சென்சார் கோளாறா? (ஓசூர் வாசகர்)

இல்லை. இரவுக் குளிரில் அழுத்தம் குறைகிறது, ஓடிச் சூடானதும் கூடுகிறது. உங்கள் டயரில் காற்று எல்லைக்கோட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். காலையில், வண்டி எடுக்கும் முன், ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கர்படி நிரப்புங்கள். பல வண்டிகளில் அங்கே இரண்டு அளவுகள் இருக்கும், ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது முழு ஆள், முழுச் சுமைக்கு. ஏழு பேரும் பெட்டிகளுமாக ஊருக்குப் போகும் நாளில் இரண்டாவது அளவுதான்.

கேள்வி: ஆயுத பூஜை முடிந்து வண்டியை எடுத்ததும் "முன் ரேடார் மறைக்கப்பட்டுள்ளது, ஓட்டுநர் உதவி இயங்காது" என்று வந்தது. கழுவியதும் போய்விட்டது. இன்னொன்று, டவுனில் பைக் குறுக்கே வந்தால் வண்டி தானாகச் சடாரென்று பிரேக் போடுகிறது. பின்னால் வருபவர் மோதிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. (மதுரை வாசகர்)

முன் ரேடார் சில வண்டிகளில் கம்பெனிச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் பம்பரின் கீழ்ப்பகுதியில். சந்தனம், மாலை, வாழைக்கன்று எதுவானாலும் அந்த இடத்தை மறைத்தால் கண் கட்டினாற்போல ஆகிவிடும். பொட்டை பானெட்டில் வையுங்கள், வாழைக்கன்றை அவிழ்த்த பிறகு சாலைக்குப் போங்கள். முன் கண்ணாடியின் மேல் நடுவிலுள்ள கேமராவுக்கும் இது பொருந்தும். ஃபாஸ்டேக், சாமிப் படம், நிழல் பட்டை எதையும் அதன் முன் ஒட்டாதீர்கள். இரும்பு கிராஷ் கார்டு ரேடாரை மறைப்பதோடு சட்டப்படியும் தவறு. அப்படிப் பொருத்திய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது.

தானியங்கி பிரேக்கை ஒரேயடியாக அணைக்காதீர்கள். பல வண்டிகளில் மோதல் எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டி வர வேண்டும் என்று மூன்று நிலை இருக்கும், டவுனுக்கு மிகத் தாமதமாக எச்சரிக்கும் நிலையை வையுங்கள். வண்டியைச் சாலைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் உதவி வேறு விஷயம். கோடே இல்லாத சாலையில், பைக்குக்கு ஒதுங்கி ஓட்ட வேண்டிய இடத்தில் ஸ்டீயரிங்கை இழுத்துத் தொல்லை தரும். டவுனில் அதை அணைத்துவைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான்குவழிச் சாலை ஏறியதும் போட்டுக்கொள்ளுங்கள்.

கல் பட்டு முன் கண்ணாடி மாற்ற நேர்ந்தால் கேமராவை மறுபடி அளவமைக்க (கேலிபரேட் செய்ய) வேண்டும். இன்சூரன்ஸ் மதிப்பீட்டிலேயே அந்த வேலையையும் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பின் அளவமைத்ததற்கான தாளைக் கேட்டு வாங்குங்கள். சற்றுக் கோணலாகப் பார்க்கும் கேமரா, இல்லாததைவிட ஆபத்து.

கேள்வி: சீட்டில் பை வைத்தாலே பெல்ட் மணி அடிக்கிறது. அதை நிறுத்தும் கிளிப் வாங்கலாமா? (சேலம் வாசகர்)

வேண்டாம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளிலிருந்து அந்தக் கிளிப்புகளை நீக்க உத்தரவிட்டது. பையைக் கீழே வையுங்கள், அல்லது பைக்கே பெல்ட் போட்டுவிடுங்கள், திடீர் பிரேக்கில் அது பறந்து யார் மேலும் விழாது. மூன்றாம் வரிசைக்கும் பெல்ட் கட்டாயம். கல்யாணத்துக்குப் போகும்போது அந்த வரிசையில் மூன்று குழந்தைகளை நெருக்கி உட்காரவைப்பது நம் வழக்கம். இரண்டு பெல்ட் இருந்தால் இரண்டு பேர்தான்.

கேள்வி: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது ஹில் டிசென்ட் பட்டனைப் போட்டேன். பாதி வழியில் பிரேக் கருகும் வாடை வந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி. (நாமக்கல் வாசகர்)

அந்தப் பட்டன் வேலை செய்வதே பிரேக்கை வைத்துத்தான். கால் வைக்காமலே ஒவ்வொரு சக்கரத்தையும் அதுவே விட்டு விட்டுப் பிடிக்கும். சேறு, சரளை, செங்குத்தான குறுகிய இறக்கம் ஆகியவற்றில் ஊர்ந்து இறங்கத்தான் அது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அதிலேயே இறங்கினால் பிரேக் ஓயாமல் சூடாகும்.

தார்ச்சாலை இறக்கத்தில் கியர் லிவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரில், வளைவு நெருக்கமானால் முதலாவதில் இறங்குங்கள். வேகம் கூடும்போது அழுத்தமாகப் பிடித்து, முழுதாக விடுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே இறங்குவதுதான் கருக வைக்கும். வாடை வந்தால் சமதளத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணலாகும், வேண்டாம். பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தாலோ மேற்கொண்டு இறங்கவே கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தது சூட்டில் கொதித்துவிடும். மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அடுத்த சர்வீஸில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான்கு வருடப் பழைய எஸ்யூவி பார்த்திருக்கிறோம். மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை. வாங்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

எரியாததே சந்தேகப்பட வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள் (பல வண்டிகளில் இரண்டு முறை), மீட்டர் மட்டும் உயிர் பெறும். அப்போது என்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ், ஆயில் விளக்குகள் எரிய வேண்டும். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் சில நொடிகளில் அணையும், மற்றவை என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் விபத்தில் விரிந்த பையை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை ஸ்கேனரோடு அழைத்துப் போங்கள். கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, வண்டியின் சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் குறியீடுகளை யாரோ சமீபத்தில்தான் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்பவரிடம் காரணம் கேளுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: என்ஜின் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டர் போனால் அணைந்திருக்கிறது, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். நான்காவது முறை. வாரன்டி முடியப்போகிறது. (திருச்சி வாசகர்)

உங்கள் எரிச்சல் நியாயமானது. முதலில் ஆதாரம் சேருங்கள். விளக்கு எரியும்போது செய்தியும் கிலோமீட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை எழுதும் ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று எழுத விடாதீர்கள், செய்தியில் வந்த சொற்களை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அணைந்துபோன விளக்கின் குறியீடும் வண்டியின் நினைவகத்தில் பெரும்பாலும் இருக்கும், அந்த ஸ்கேன் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். வாரன்டி முடியும் முன் பதிவான புகார் இது என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் அங்கேயே தொடுக்கலாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். கார் வழக்குகளில் நிபுணர் அறிக்கை இல்லாததால் நுகர்வோர் தோற்பது உண்டு. தயாரிப்புக் குறை என்று வாதாடப் போகிறீர்கள் என்றால் வண்டியைத் தகுந்த ஆய்வகத்தில் சோதிக்க உத்தரவிடும்படி மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நள்ளிரவு, பஸ் ஸ்டாண்ட் பக்கம், "சாவி கண்டறியப்படவில்லை" என்று வந்து வண்டி எடுக்கவே இல்லை. சாவி கையிலேயே இருந்தது. (விழுப்புரம் வாசகி)

சாவியின் பேட்டரி தீர்ந்திருக்கும். பல வண்டிகளில் சாவியையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்தினால் எடுத்துவிடும். சிலவற்றில் கப் வைக்கும் குழியிலோ கன்சோல் பெட்டியிலோ அதற்கென்று ஓர் இடம் இருக்கும். கதவைத் திறக்க, சாவிக்கு உள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032, வாட்ச் கடையில் கிடைக்கும். இன்று பகலில், வீட்டு வாசலில் நிறுத்தி ஒருமுறை செய்து பாருங்கள், வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.