அந்த சர்வரைத் தொட அனுமதி கொடுத்தது யார்?

கேள்வி: கோவையில் மூன்று பேரோடு ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் நடத்துகிறேன். ஒரு நூற்பாலை தன் நெட்வொர்க்கை பென்டெஸ்ட் (அனுமதியோடு ஊடுருவிப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனை) செய்ய எங்களோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த அடி எது என்று தானே திட்டமிட்டுப் போகும் கால்டெரா டூலை இரவில் ஓடவிட்டோம். ஒரு ஸ்கிரிப்டில் கிடைத்த பாஸ்வேர்டை வைத்து, ஆலைக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குள் அது நுழைந்துவிட்டது. அவர்கள் சைபர் கிரைமில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான போலீஸ் பதிவு) போட்டாகிவிட்டது. 'எல்லாத்தையும் போட்டுப் பாருங்க' என்று வாட்ஸ்அப்பில் சொன்ன ஆலையின் ஐ.டி. மேலாளர் இப்போது போனே எடுப்பதில்லை. பாக்கி 3 லட்சமும் வரவில்லை. ஒப்பந்தம் கையில் இருக்கும்போது எங்களைக் குற்றவாளி போல நடத்தலாமா? பாக்கிக்கு நோட்டீஸ் விடலாமா? ஆலைக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த சர்வரின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது.

பதில்: மேலாளர் கைவிட்டது, பாக்கி வராதது, ஊரில் பெயர் கெட்டது எல்லாம் உங்களை எவ்வளவு வருத்தும் என்று தெரிகிறது. ஆனால் இந்த வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. ஒரே ஒரு கேள்விதான்: அந்தச் சம்பள சர்வரைத் தொட, அதன் உரிமையாளரோ அதற்குப் பொறுப்பானவரோ உங்களுக்கு அனுமதி கொடுத்தாரா? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவு கேட்பது அதை மட்டும்தான். ஆலை கொடுத்த அனுமதி ஆலையின் கணினிகளோடு முடிந்துவிட்டது. தன்னுடையது அல்லாத சர்வருக்கு மேலாளர் 'சரி' சொன்னாலும் அது அனுமதி ஆகாது.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 2019 செப்டம்பரில் இதுதான் நடந்தது. கோல்ஃபயர் நிறுவனத்தின் இரண்டு சோதனையாளர்கள், மாநில நீதித்துறை நிர்வாகத்தின் ஒப்பந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் இரவில் நுழைந்து கைதானார்கள். கட்டடம் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) சொந்தம், அனுமதி கொடுத்தது மாநிலம் என்பதுதான் சிக்கல். வழக்கு கைவிடப்பட்டது 2020 ஜனவரி கடைசியில்தான்.

உங்களுக்கு நம்பிக்கை தருவது 66-ஆம் பிரிவின் வாசகம். 43-இல் சொன்ன செயலை நேர்மையற்ற நோக்கத்தோடு அல்லது மோசடியாகச் செய்தால்தான் அது குற்றம்; 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஒப்பந்தமும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் உங்கள் நோக்கத்தைக் காட்ட உதவும். அந்த போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஆனால் 43-இன் கீழ் இழப்பீடு கேட்பவர் உங்கள் கெட்ட நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 5 கோடி வரையிலான கோரிக்கையை, இந்தச் சட்டத்தின் கீழ் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பு அலுவலரே விசாரிக்கலாம்.

இனி என் கவலையைச் சொல்கிறேன். இந்த மாதிரி வழக்கில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பலரைச் சிக்கவைத்தது அந்த இரவு அல்ல, அதற்கடுத்த பத்து நாளில் அவர்களே செய்தவைதான்.

முதலில், 'டூல் தானாகப் போய்விட்டது' என்று யாருக்கும் எழுதாதீர்கள். கால்டெராவில் ஒவ்வொரு கட்டளைக்கும் மனிதர் ஒப்புதல் கேட்கும் முறை இருக்கிறது. எந்த நெட்வொர்க் முகவரி வரம்புக்குள் போகலாம், எதற்குள் கூடாது என்று ரூல் போடவும் வழி இருக்கிறது. நீங்கள் தானியங்கி முறையில் விட்டீர்கள். ரூலும் போடவில்லை என்றால், 'தானாகப் போனது' என்ற உங்கள் வாக்கியமே கவனக்குறைவுக்கு ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது லாக், அதாவது டூல் செய்த ஒவ்வொன்றின் பதிவு. என்னிடம் வந்த ஓர் இளைஞர் பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தார். எந்தக் கோப்பையும் அவர் எடுக்கவில்லை என்பதற்கு இருந்த ஒரே ஆதாரமும் அந்த லாக்தான். மின்னணு ஆவணத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 241-இன் கீழ் தனிக் குற்றமாகவும் வரலாம். இன்றைக்கே முழு லாக்கையும் நகலெடுத்து ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு) குறித்து வையுங்கள். மின்னணு ஆதாரத்தோடு நீதிமன்றத்தில் தரவேண்டிய சான்றிதழ் படிவம் அதைக் கேட்கும். அப்புறம், ஓட்டம் முடிந்ததும் கால்டெரா தன் தடயத்தைத் துடைக்கும் கட்டளைகளை ஓட்டியிருக்கலாம். அந்த சர்வரில் அது ஓடியதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கு அது முதல் நாளே தெரிய வேண்டும். சரிபார்க்கிறேன் என்று அந்த சர்வரை மறுபடி தொட்டுவிடாதீர்கள்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது நீங்கள் கடைசி வரியில் எழுதியிருந்தது: ஆலைக்குக் கொடுத்த அறிக்கையில் அந்த சர்வரின் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. உள்ளே நுழைந்தது ஒன்று, தரவை நகலெடுத்தது இன்னொன்று. 43-இல் இரண்டும் தனித்தனி உட்பிரிவுகள். அதில் மற்ற கம்பெனி ஊழியர்களின் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் தெரிந்தால், நீங்கள் அதை மூன்றாம் நபரிடம் கொடுத்தவர் ஆகிறீர்கள். அறிக்கையை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆலையில் அது யார் யார் கைக்குப் போனது என்பதை உங்கள் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

பாக்கிக்கு நோட்டீஸ் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது விடாதீர்கள். 'ஸ்கோப்பை (ஒப்பந்தம் அனுமதித்த எல்லையை) தாண்டினார்கள், அதனால் பணம் தரவில்லை' என்று ஆலை பதில் எழுதும். புகார்தாரர் கையில் அந்தக் கடிதம் போதும்.

சமாதானமாகப் போங்கள் என்பதே என் ஆலோசனை. இன்னும் எஃப்.ஐ.ஆர். ஆகவில்லை, அதனால் இதுதான் நேரம். பதிவானாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 77-ஏ பிரிவில் சமரசத்துக்கு வழி உண்டு, ஆனால் அது நீதிமன்றம் வழியாகத்தான். சம்பள நிறுவனம் சர்வரைச் சோதிக்கச் செலவழித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அதை நீங்களும் ஆலையும் பகிர்ந்துகொள்வதாக மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் எழுதுங்கள். அதற்காகப் பாக்கி 3 லட்சத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் விடுங்கள். மன்னிப்புக் கடிதம் கேட்பார்கள். 'அனுமதியின்றி' என்ற சொல் அதில் இருக்கக்கூடாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் செய்துகொள்ளும் சமரசம் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

அதற்குள் விசாரணைக்கு அழைத்தால் தனியாகப் போக வேண்டாம். உங்கள் லேப்டாப்பைப் போலீஸ் கைப்பற்றினால், ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட்ட மகஜர் (கைப்பற்றியதற்கான ஆவணம்) நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள்.