கைப்பிடிக் கம்பியா, மெதுவான ஓட்டமா?

வணக்கம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011இல் மூடப்பட்டபோது அப்பாவோடு போய்க் கடைசி ரயிலைப் பார்த்தேன். இப்போது அவருக்காக ஒரு மாதிரி நீராவி எஞ்சின் வாங்கப் போகிறேன். ஓஓ அளவில் (நிஜத்தில் ஏறக்குறைய 76இல் ஒரு பங்கு) இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கைப்பிடிக் கம்பி, குழாய் எல்லாம் தனித்தனியாகப் பொருத்தியவை. ஆனால் சாதாரண டிசி (நேர்மின்) ஓட்டம். இன்னொன்றில் எல்லாம் உடலோடு வார்த்தவை. ஆனால் டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாடும் ஒலியும் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். வீவக அடுக்குமாடி வீட்டில் 90 செ.மீ. அகலச் சாப்பாட்டு மேசைதான் இடம். எதை வாங்கலாம்?
— ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் கம்பி தனியா, வார்த்ததா என்று தெரியாது. எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பது தெரியும். நிஜ நீராவி எஞ்சின் துள்ளிக் கிளம்புவதில்லை. சக்கரங்களை இணைக்கும் தண்டு மெல்ல மேலேறி இறங்கும், அப்புறம்தான் வேகம். மாதிரியில் என் கண் முதலில் போவது அந்தத் தண்டுக்குத்தான்.

டிசியில் தண்டவாளத்துக்கு வரும் மின்னழுத்தமே வேகம். அதைக் குறைத்தால் மோட்டார் தளர்ந்து, தூசியிருக்கும் இடத்தில் நின்றுவிடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர்தான் மோட்டாருக்கு அளந்து கொடுக்கும். 128 படிகள் வரை வேகத்தைப் பிரிக்கலாம். டிகோடரில் சிவி என்ற எண்ணிட்ட அமைப்புகள் உண்டு; சிவி 3 கிளம்பும் நிதானத்தையும், சிவி 4 நிற்கும் நிதானத்தையும் மாற்றும். இரண்டையும் சற்றுக் கூட்டிப் பாருங்கள், எஞ்சினுக்கு எடை வந்ததுபோல இருக்கும்.

ஒலியைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு ‘சக்’ வர வேண்டும். ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர், அதனால் ஆறு. எண்ணிக்கை தப்பினால் எனக்கு ஓட்டமே பொய்யாகிவிடும்.

சரி, முதல் எஞ்சினைத் தள்ளிவிடலாமா? அவசரம் வேண்டாம். டிகோடர் செருகும் சாக்கெட் உள்ளே இருக்கிறதா, டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இரண்டும் இருந்தால் அதையே வாங்கி, டிகோடரைப் பிறகு போடலாம். சாக்கெட் இல்லாவிட்டால் உள்ளே உள்ள மின்கம்பிகளை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். புதியவருக்கு அது தலைவலி, இரண்டாவதே நல்லது. இன்னொன்று: நுணுக்கமான எஞ்சினைக் கொதிகலனைப் பிடித்துத் தூக்காதீர்கள். நான் அப்படித் தூக்கி ஒரு கைப்பிடிக் கம்பியை உடைத்திருக்கிறேன், கீழிருந்து ஏந்துங்கள்.

மேசையையும் கவனியுங்கள். பெரிய எஞ்சின்கள் பல 438 மி.மீ. ஆர வளைவு கேட்கும். வட்டத்தின் விட்டமே 87.6 செ.மீ.; உங்கள் மேசையில் விளிம்புக்கு இடம் மிஞ்சாது. ஒரு மீட்டர் அகலப் பலகை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் கடையிலேயே மிகக் குறைந்த வேகத்தில், தடம் பிரியும் பாயிண்ட்டின் மேல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டெண்டர் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும் எஞ்சின் அங்கே தயங்காமல் கடக்கும். திக்கி நின்றால் வாங்காதீர்கள்.