தயா இல்லாத கோகுல்தாம்

கே: எங்கள் வீட்டில் இரவு எட்டரை ஆனால் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தவறாமல் ஓடும். "முன்ன மாதிரி இல்ல அத்தை" என்றால், "அது அப்படியேதான் இருக்கு, நீதான் மாறிட்டே" என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

ப: உங்கள் கட்சிதான் நான். ஆனால் இந்தப் பக்கத்தை மாமியார் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

கோகுல்தாம் என்ற மும்பைக் குடியிருப்பில் நடக்கும் இந்தி நகைச்சுவைத் தொடர், 2008 ஜூலையில் தொடங்கியது. 4,000 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. ஆள் மாறிப் போனதால்தான் கெட்டது என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நாயகன் ஜேட்டாலாலின் மகன் டப்புவாக இதுவரை மூன்று பேர் நடித்துவிட்டார்கள். தாரக் மேத்தாவாக வந்த சைலேஷ் லோதாவே 2022இல் விலகிப் போனார். அதையெல்லாம் தொடர் தாங்கிக்கொண்டது.

தாங்க முடியாதது ஜேட்டாலாலின் மனைவி தயா போனதுதான். தயாவாக நடித்த திஷா வகானி 2017இல் பிரசவ விடுப்பில் போனவர், திரும்பவில்லை. ஜேட்டாலாலின் நகைச்சுவையே அவன் இடிபடுவதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் அப்பாவின் திட்டு, இன்னொரு பக்கம் பையனின் வால்தனம், நடுவில் எதையும் வெள்ளந்தியாக எடுத்துக்கொண்டு கர்பா ஆடத் தொடங்கிவிடும் மனைவி. போதாததற்கு, முகமே காட்டாமல் போனிலேயே மாப்பிள்ளைக்குப் புதுப்புதுப் பட்டப்பெயர் வைக்கும் மாமியார். தயா போனதும் அந்த போனும் போயிற்று. மிச்சமிருப்பது அப்பாவின் திட்டு மட்டும். (அப்பா சம்பக்லாலாக வரும் அமித் பட், ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷியைவிட வயதில் இளையவர் தெரியுமோ? இன்றைக்கும் அவர் அதட்டினால் மகன் நடுங்குவதை நாம் நம்புகிறோம். அது நடிப்பு.)

எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டுவது வேறு. தயாவின் தம்பி சுந்தர் வருவான், "அக்கா வருகிறாள்" என்பான். வாசலில் தோரணம் கட்டுவார்கள், ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள், நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் இழுப்பார்கள். கடைசியில் ஆள் வரமாட்டாள். சுந்தராக நடிப்பவர் திஷாவின் சொந்த அண்ணனோ தம்பியோ, கூடப் பிறந்தவர் என்பதால் நாமும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நம்பித் தொலைக்கிறோம். பத்திரிகைக்காரன் போபட்லாலின் கல்யாணமும் இப்படித்தான். பெண் பார்க்கும் படலத்தை நாலு நாளில் முடித்துச் சிரிக்கவைத்த காலம் ஒன்று இருந்தது.

ஜான் கிளீஸின் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 எபிசோடுகள். அமெரிக்க நகைச்சுவை நடிகர் சைன்ஃபெல்ட் தன் தொடரில் ஒன்பது சீசனோடு, மவுசு இருக்கும்போதே கடையைக் கட்டினார். தினம் ஒரு எபிசோடு எழுத வேண்டியவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நம் ஆட்களை இந்த அளவுக்கு மன்னிக்கலாம்.

கே: அதில் வரும் அய்யர் பாத்திரம் தமிழர்களைக் கிண்டல் செய்கிறதா?
– அதே வாசகி

ப: நடிப்பவர் தனுஜ் மகாசப்தே, மராட்டியர். அவர் பேசும் 'மதறாஸி' இந்தியை மயிலாப்பூரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர் நிறத்தை வைத்து வரும் ஜோக்குகள் அன்றைக்கும் அசிங்கம், இன்றைக்கும் அசிங்கம். மற்றபடி அவர் விஞ்ஞானி. சொசைட்டியில் மரியாதையும் உண்டு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காலையில் கீழே அய்யரின் மனைவி பபிதாவைக் கண்டதும் ஜேட்டாலால் முகம் மலரும். பேச வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அய்யர் வந்து நிற்பார். அந்தச் சிரிப்பு அப்படியே உதட்டில் உறைந்துபோய், கண் மட்டும் அய்யரைச் சபிக்கும். எத்தனை ஆயிரம் எபிசோடு ஆனாலும் திலீப் ஜோஷி இதில் மட்டும் இளைக்கவில்லை. மாமியாரோடு உட்கார்ந்து அந்த இரண்டு நிமிடத்தைப் பாருங்கள். பிறகு தோசைக்கு மாவு கரைக்கப் போய்விடலாம்.