பதில்: கோழி இறகில் டிரிப்டோஃபான் பூஜ்யம், சிஸ்டீன் குறைவு

கோழி இறகுப் புரதத்தின் அமினோ அமிலங்களை அளந்தபோது டிரிப்டோஃபான் பூஜ்யமாகவும் சிஸ்டீன் குறைவாகவும் வந்ததாகக் கேட்டிருந்தீர்கள். புரதத்தை உடைக்க 6 நார்மல் (செறிவின் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். டிரிப்டோஃபான் அந்த அமிலத்திலேயே சிதைந்துவிடும். அதற்குத் தனியாக 4.2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், 110 டிகிரியில், சுமார் 20 மணி நேரம் வையுங்கள். காரம் கண்ணாடியை அரிக்கும், டெஃப்லான் குழாய்தான் சரி.

சிஸ்டீன்தான் இறகில் முக்கியம், அதுவும் அந்த அமிலத்தில் ஓரளவு சிதையும். அமிலத்துக்கு முன்பே பெர்ஃபார்மிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்து, சிஸ்டீயிக் அமிலமாக அளவிடுங்கள். பெர்ஃபார்மிக் அமிலம் தயாரிக்க, 88 சதவீத ஃபார்மிக் அமிலம் 9 பங்கு, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு கலந்து அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் விட்டு, பனிக்கட்டியில் குளிரவைத்து, மாதிரியில் ஊற்றி 0 டிகிரியில் 16 மணி நேரம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஃப்யூம் ஹூட்டுக்குள் (புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அறைப்பெட்டி) கலக்குங்கள். மூடி போட்டு இறுக்கினால் வெடிக்கும். மாதிரியில் மிஞ்சும் பெர்ஃபார்மிக் அமிலத்தை சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் முறித்துவிட்டு, பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வையுங்கள். மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் இதிலேயே ஆக்சிஜனேறி, சல்ஃபோன் வடிவில் வரும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் ஆக்சிஜனேற்றாத மாதிரியில் பாருங்கள், 0.1 சதவீத ஃபீனால் சேர்த்து, குழாயில் நைட்ரஜன் நிரப்பி.

வேலின், ஐசோலூசின் என்ற அமினோ அமிலங்களும் குறைந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 72 மணி நேர மாதிரி ஒன்றும் வையுங்கள். அவற்றின் பிணைப்பு மெதுவாகத்தான் உடையும்.