சேர்விஸுக்கு விடும்போது பிரேக்கில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்?

கிளிநொச்சியில் காரைச் சேர்விஸுக்கு விட்டால் ‘பிரேக் ஓகே’ என்று மட்டும் சொல்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், நாலு சில்லையும் கழற்றினார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

முன் சில்லில் டிஸ்க் பிரேக்தான் இருக்கும். சில்லோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்தான் பேட். அதன் உராயும் பகுதி புதிதில் சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பு. 3 ஆகத் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். வெளிப்பக்க பேட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நல்லது என்றால் ஏமாறாதீர்கள். பேட்டுகளை அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகரும் பின்களில் புழுதியும் துருவும் ஏறி இறுகினால், பல கார்களில் உள்பக்க பேட்தான் முதலில் தேயும். ஏ9 வீதியை விட்டு இறங்கிக் கிரவல் பாதைகளில் ஓடும் காருக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிறீஸைப் பூசச் சொல்லுங்கள். கைக்கு வந்த கிறீஸைப் பூசினால் றப்பர் உப்பிவிடும்.

பின் சில்லு ட்ரம் என்றால் அதையும் திறக்கட்டும். ஆனால் தூசைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். ட்ரம்முக்குள் உராயும் பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத்துணி போதும்.

அப்புறம் பிரேக் ஒயில். குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது சரியில்லை. கசிவு இல்லையென்றால் பேட் தேய்ந்துதான் மட்டம் இறங்கியிருக்கும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம், பொதுவாக 2 வருடத்துக்கொருமுறை முழுதாக மாற்ற வேண்டும். ஒயிலின் தரம் டொட் 3 ஆ, டொட் 4 ஆ என்பது டாங்கி மூடியிலேயே போட்டிருக்கும்.