மைட்ரல் வால்வு பிதுக்கமும் இரவுப் படபடப்பும்

மைட்ரல் வால்வு பிதுக்கம் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு, மூடும்போது பின்னோக்கிப் புடைப்பது) இருக்கிறது, இரவில் இடப்பக்கம் படுத்தால் நெஞ்சில் 'தொபுக்' என்கிறது, இதற்குக் காரணம் பயமா, வால்வா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றின் மீது மட்டும் பழிபோட முடியாது. எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) வால்வு வழியான ரத்தக் கசிவு மிகக் குறைவு என்று வந்திருந்தாலும், மைட்ரல் வால்வு பிதுக்கம் உள்ளவர்களுக்கு இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் சகஜம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும். அதனால்தான் நீங்கள் சொல்லும் அந்தத் 'தொபுக்' அப்போது தெளிவாகத் தெரிகிறது. பயம் பெரும்பாலும் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அடுத்த முறை மணிக்கட்டில் விரல் வைத்து 60 விநாடி எண்ணுங்கள். ஒரு துடிப்பு தவறி, அடுத்தது பலமாக விழுகிறதா? திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கிறதா, மெல்ல ஏறி இறங்குகிறதா? எழுதிக்கொண்டு போய், 24 மணி நேர ஹோல்டர் பதிவு (உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியில் இதயத் துடிப்பைப் பதிவது) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'வெறும் டென்ஷன்' என்பவர்களிடமும் அந்தக் காகிதத்தையே நீட்டலாம்.

மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி சேர்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.